பனித்துளையின் விளிம்பில் மூன்று மூச்சு

கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. பனிக்கடலுக்குள் இறங்குகிற ஒரு பிள்ளையின் கதை சொல்லப்போகிறேன். முடிவு மட்டும் இன்னும் என் கையில் இல்லை.

1

இது நானாகத் தேடிய கதையல்ல. நாங்கள் குடியேறிய சட்டனில் ஞாயிறு பூசை முடிந்து தேநீரோடு நின்றபோது என் சினேகிதி எமில்டா என் கையைப் பிடித்தாள். அவள் மகள் கோசிகா தென்துருவக் கடலில், பனிக்கட்டியில் வெட்டிய துளை வழியே இறங்கி ஆராய்ச்சி செய்கிறவள்.

"புதன்கிழமை திரும்ப இறங்கிறாளாம். நீ கதை எழுதிறனிதானே? அவள் சுகமா மேல வாற மாதிரி ஒண்டு எழுதித் தாவன்."

"நான் எழுதினா அந்தோனியார் கேப்பாரே?"

"அவருக்கும் சொல்லிப்போட்டன். நீ எழுது."

2

முதல் தொடக்கம்: கடல் ஒரு கண்ணாடிக் கோவிலைப் போல... (வேண்டாம். நான் பார்த்ததில்லை.)

இரண்டாவது: கோசிகா துளையின் விளிம்பில் இருந்து, மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று தரம் மூச்செடுத்தாள்.*

*எமில்டா சொன்னது. மன்னாரில் எமில்டாவின் தகப்பன் சங்கு குளிக்க இறங்குமுன் அப்படித்தான் மூச்செடுப்பாராம். மகளிடமும் அப்படியே செய்யச் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாள்.

3

சரியா என்று கேட்கக் கோசிகாவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"அன்ரி, அம்மாட்டச் சொல்லாதேங்கோ. போன முறை அப்பிடித்தான் செய்தனான். அந்தக் குளிரில தண்ணிக்கு மேல வச்சு மூச்சு விட்டா, ஈரம் வால்வுக்குள்ள உறைஞ்சிடும். கீழ போனதும் வால்வு மூடேல்லை. சிலிண்டர்க் காத்தெல்லாம் பீச்சி அடிச்சுது. துளை எங்கயெண்டே தெரியேல்லை."

"பிறகு?"

"கூட வந்தவன்ர குழாயில மூச்செடுத்து, கயித்தைப் பிடிச்சு வந்தன்."

"பிறகும் ஏன் பிள்ளை போறாய்?"

"கீழ ஃபிரிட்ஜ் அளவில ஒரு கடற்பஞ்சு நிக்குது, அன்ரி. எனக்கு முந்தி ஒருத்தரும் அதைப் பாக்கேல்லை!"

"புதனும் மூண்டு மூச்சு எடுப்பியோ?"

"எடுக்கக் கூடாதெண்டு தெரியும். எடுக்காமல் இறங்கவும் பயமாக் கிடக்கு. சத்தியமெல்லே?"

4

ஒரு முடிவு: அவள் மேலே வருகிறாள், எல்லோரும் கைதட்டி... (பொய் மாதிரி இருக்கிறது.)

இன்னொரு முடிவு: அவள்... (எழுத மாட்டேன்.)

இன்று புதன். ரகசியத்தை உடைத்துவிட்டேன். எமில்டா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நானே என்ர பிள்ளையை..."

பிறகு கண்ணைத் துடைத்தாள். "அவளுக்கு எழுது. சத்தியத்தை அம்மா திருப்பி எடுத்திட்டன். அந்த மூண்டு மூச்சையும் இஞ்ச நான் எடுக்கிறன். நீ சும்மா இறங்கு, பிள்ளை எண்டு எழுது."

அனுப்பினேன். போனில் ஒற்றைச் சரிக்குறிதான் விழுந்திருக்கிறது, இன்னும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் இறங்க இன்னும் பத்து நிமிடம். பக்கத்தில் எமில்டா கண்ணை மூடி முதல் மூச்சை இழுக்கிறாள்.

இங்கே பேனையை வைக்கிறேன். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை நீங்கள் எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போன ஒவ்வொருவரும் திரும்பி வந்து அதே கதவைத் தட்டட்டும்.