பெரியவளின் ரத்தம்

தையல்காரிக்குக் காலையிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். பக்கத்து வீட்டுக் குழந்தையை மூளைக்காய்ச்சல் கொண்டுபோய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மருந்துக் கம்பெனியின் டாக்டர் ஆள்விட்டு அழைத்திருக்கிறார்: மூத்த மகள் பெரியவளைக் கூட்டி வா, ரத்தம் எடுக்க வேண்டும்.

அந்தக் காய்ச்சலுக்கான தடுப்பூசி பலிக்குமா பலிக்காதா என்று சில வருடங்களுக்கு முன்னால் சோதித்துப் பார்த்தது இந்தத் தெருவின் பிள்ளைகளிடம்தான். அப்போது பெரியவளும் போட்டுக்கொண்டாள். ஊசி பலித்தது. பலித்த கையோடு பணக்கார நாடுகளுக்குக் கப்பலேறிவிட்டது. உள்ளூர்த் தொழிற்சாலை ஒன்று தானே செய்து மலிவாகத் தருவதாகச் சொன்னது. காப்புரிமை எங்களுடையது, தொட்டால் வழக்கு என்று கம்பெனி அதன் வாயை அடைத்தது. என்னமோ அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி! அதற்கப்புறம் பிறந்த சின்னவனுக்கு ஊசியே இல்லை.

சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மேசைமேல் கம்பெனி பெயர் போட்ட குட்டிக் குடை ஒன்று கிடந்தது.

"உக்காரும்மா. ஊசியோட பலன் இன்னும் இருக்கான்னு பாக்கணும். ஒரு சின்ன குப்பி ரத்தம், அவ்வளவுதான்."

"தாராளமா எடுங்க டாக்டர். முதல்ல சின்னவனுக்கு ஊசி போட்டுடுங்க."

"அது என் கையில இல்லம்மா. உரிமை கம்பெனியோடது. விலையைப் பத்திப் பேச்சுவார்த்தை நடக்குது. கொஞ்சம் பொறுமையா இரு."

"பக்கத்து வீட்டுக்காரியும் பொறுமையாத்தான் இருந்தா."

டாக்டர் குடையை முன்னால் நகர்த்தினார். "இது பாப்பாவுக்கு."

குடை! காய்ச்சல் என்ன மழையாகவா பெய்கிறது? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரியவளின் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள்.

"என்னம்மா இது? இந்த ரத்தத்தைச் சோதிச்சுக் காட்டலைன்னா இன்னும் மிச்ச நாடுங்கள்ல விக்க அனுமதி கிடைக்காது!"

"இந்த ரத்தத்தோட உரிமை எங்களோடது டாக்டர். பேச்சுவார்த்தை வேணா நடத்தலாம். கம்பெனியைக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லுங்க."

கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் பிள்ளைகளோடு காத்திருந்த அம்மாக்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மகனின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். இன்னொருத்தி மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். டாக்டர் காலிக் குப்பியோடு வாசல்வரை ஓடிவந்தார். யாரும் நிற்கவில்லை.

தையல்காரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கம்பெனிக்கு ரத்தம் கிடைக்கவில்லை, சரி. சின்னவனுக்கு ஊசியும்தான் கிடைக்கவில்லை. தெருமுனையில் நின்று, இடுப்பில் இருந்த அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இன்றைக்குக் காய்ச்சல் இல்லை.