பெட்டி மூடுமுன்

"ஜாக்கெட்ட கத்தரிச்சிரு ஆத்தா. வெறச்சுப்போச்சு, இனிமே கை மடங்காது" என்றாள் முருகம்மாள்.

ஜெசிந்தா கத்தரிக்கோலை எடுத்தாள். அவளுடைய பார்லர் கத்தரிக்கோல்தான். ஓடைப்பட்டிக் கடைத்தெருவில் ஒற்றை அறையில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள் அவள். எத்தனையோ கல்யாணப் பெண்களைச் சிங்காரித்து மேடையேற்றிய கை, செத்துப்போன அக்கா பிலோமினாவின் ஜாக்கெட்டில் கத்தரியை வைத்தது. குளிப்பாட்ட வந்த பெண்கள் அறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வாசலில் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

துணி விலகியது. இடது பக்கம் மார்பு இருக்கவேண்டிய இடத்தில் புண்தான் இருந்தது. கட்டுத்துணி அதோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. பிலோமினாவோடு திராட்சைத் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் பந்தல் வேலை பார்த்த முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத வச்சுக்கிட்டா எங்க கூட வேலைக்கு வந்தா, பாதகத்தி!"

பிலோமினா ஒருத்தருக்கும் காட்டவில்லை. போன மாதம் பந்தலுக்கடியில் மூச்சுத் திணறி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. நுரையீரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறமும் தங்கச்சியிடம், "நீ பாக்காதடி, சோறு எறங்காது" என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

ஜெசிந்தாவின் கையிலிருந்து செம்பு நழுவி விழுந்து உருண்டது. மற்றவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். துக்கம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் துக்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்று அவளுக்குள் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் சோப்புப் போடும்போது அவள் விரலிலும் ஒன்று தட்டுப்பட்டது. இடது பக்கம், அக்குளை ஒட்டி, பட்டாணி அளவுக்கு. அமுக்கினால் வலிக்கவில்லை. வலிக்காததால் ஒன்றுமில்லை என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமே பிறந்துவிட்டது. பட்டாணி நெல்லிக்காயாகிவிட்டது. அதற்கும் வலி கிடையாது.

"ஜெசி" என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டது. அக்கா புருஷன் ஆரோக்கியசெல்வம். "அவளுக்குப் புருவம் சரியா இருக்கான்னு பாத்து எடுத்து விடு. ஒரு மாசமா ஒண்ணுமே செய்யல. அப்படியே அனுப்பிராத."

எழவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். ஆரோக்கியசெல்வத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. கல்யாணமாகி இருபது வருஷம் கழித்தும், பெண்டாட்டிக்குக் கை எட்டாத பின்னந்தலையில் தானே உட்கார்ந்து டை அடித்துவிடுகிற மனிதன் அவன். சனிக்கிழமை மல்லிகைப்பூ இல்லாமல் வீடு ஏறமாட்டான். ஊர் கேலி பேசும். "அவுகளுக்கு வேற சோலி கெடையாது" என்று பிலோமினா சலித்துக்கொள்வாள். சலித்துக்கொள்ளும்போதே முகம் மலர்ந்துவிடும். அதைப் பார்த்து ஜெசிந்தாவுக்குப் பொறாமைகூட வந்ததுண்டு.

குளிப்பாட்டி, கல்யாணத்துக்கு மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த பட்டுச்சேலையையே சுற்றிவிட்டார்கள். ஜெசிந்தா அக்காவின் புருவத்தைத் திருத்தினாள். கன்னத்துக் கருப்பு தெரியாமல் கிரீம் தடவி, மெல்லப் பவுடர் போட்டாள். உதட்டுக்கு நிறமே தெரியாத நிறம். மற்றவர்கள் வெளியே போனதும் ஆரோக்கியசெல்வம் பூப்பொட்டலத்தோடு உள்ளே வந்து, பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"எம்புட்டு அழகா இருக்கா" என்றான். பூப்பொட்டலத்தைப் பிரித்தபடி, "போன வருசம் பூரா, பூவு கூடக் கொஞ்சம் வாங்கியாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. சென்ட்டு கேட்டா, பவுடரு கேட்டா. நானும் கெழட்டுப் பயலுக்கு அடிச்ச யோகத்தப் பாருன்னு குஷியா வாங்கி வாங்கிக் குடுத்தேன். புண்ணு வாடைய எங்கிட்ட மறைக்கக் கேட்டிருக்கா ஜெசி."

ஜெசிந்தாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஹேர்பின் டப்பாவை எடுக்க இடது கையைத் தூக்கினாள். அக்குள் இழுத்துப் பிடிக்க, பாதி வழியிலேயே கை நின்றுவிட்டது. கீழே இறக்கி, வலது கையால் எடுத்தாள்.

"இங்கன திரும்பு" என்றான் ஆரோக்கியசெல்வம். "அந்தக் கைய முழுசாத் தூக்கு."

"என்ன மச்சான்?"

"தூக்கு."

அவள் தூக்கவில்லை. "பார்லர்ல நாளு முழுக்கக் கையத் தூக்கிக்கிட்டே நிக்கிறேன்ல, அதான் நெறி கட்டியிருக்கு" என்று முனகினாள்.

"அவளும் இதத்தான் சொன்னா. பந்தல்ல அண்ணாந்து காய் பறிச்சா, தோட்டத்துல அத்தன பேருக்கும் நெறி கட்டத்தான செய்யும்னா. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டு, தைலத்த வாங்கியாந்து இந்தக் கையாலயே தேச்சு விட்டேன். கட்டி என் விரலுக்கடியில இருந்திருக்கு, எனக்குத் தெரியல பாரு." அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "இமானுவேலுக்குத் தெரியுமா?"

தன் புருஷனுக்கு இன்னும் தெரியாது என்று அவள் தலையசைத்தாள். அதற்குமேல் அடக்க முடியாமல், "மூணாம் நாள் பூச முடியட்டும் மச்சான். அதுக்கப்புறம் சொல்றேன். சத்தியமா" என்று கெஞ்சினாள்.

"பொட்டிய மூடுறதுக்கு முன்னால சொல்லிரு" என்றான் அவன். அதட்டலாகச் சொல்லவில்லை. பூவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இமானுவேல் வாசலில் பந்தல்காரரோடு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான். கேரளாவுக்குத் திராட்சை ஏற்றிப்போகும் மினிலாரி அவனுடையது. அவளைக் கண்டதும் வேலையை விட்டு வந்தான். கொஞ்ச நாளாக விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிற பெண்டாட்டி தானாகத் தேடி வருகிறாள் என்றால் அவனுக்குச் சும்மாவா இருக்கும்?

"ஒரு வாய் காப்பியாச்சும் குடிச்சியா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு" என்றவன் அவள் சொல்லுமுன்பே வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "சகலை எப்படித்தான் நிக்கிறாகளோ. உனக்கு இப்படி ஒண்ணுன்னா எனக்குப் புத்தி பேதலிச்சிரும் ஜெசி. நான் ஆளே இருக்கமாட்டேன்."

அவள் எதைச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, "தண்ணிக் கேன் வந்திருச்சான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டாள். சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் கத்தி. கத்திக்கப்புறம் இவன் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பான்? சொல்லாவிட்டால் என்ன என்பதற்கு மட்டும் பதில், பட்டுச்சேலை கட்டி எதிரிலேயே படுத்திருந்தது.

சாமியார் வந்துவிட்டார். செபம் முடிந்து, தீர்த்தம் தெளித்து, சாம்பிராணி காட்டினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் உதடு வைத்து முத்தி செய்தார்கள். ஆரோக்கியசெல்வத்தின் தம்பி சுந்தர்ராஜும் இன்னொருவரும் மூடியைத் தூக்கி வந்தார்கள்.

ஆரோக்கியசெல்வம் பெட்டியின் விளிம்பில் கையை வைத்தான்.

"விடுண்ணே" என்றான் சுந்தர்ராஜ். அவன் விடவில்லை. பெண்கள் ஓவென்று குரலெடுத்தார்கள். "எம்புட்டு ஆசையா வச்சிருந்தாக, எப்படி விடுவாக!" என்று முருகம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்து இழுத்தும் அந்தக் கை நகரவில்லை. அவன் அழவில்லை. பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி ஜெசிந்தாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமியார் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். மூடியைப் பிடித்தவர்களுக்குக் கை கடுத்தது. எல்லாருக்கும் அது ஆற்றமாட்டாத புருஷனின் பிடி. அது தன்னைப் பிடித்திருக்கிற பிடி என்பது ஜெசிந்தா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனாள். இமானுவேலின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் காதில் சொன்னாள்.

"எனக்கும் ஒரு கட்டி இருக்குங்க. இந்தப் பக்கம். பொங்கலுக்கு முன்னாலருந்தே."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். கல்லறைத் தோட்டம் போய், மண் போட்டுத் திரும்பும் வரைக்கும் அந்தப் பிடி தளரவில்லை. அக்காவை இழந்தவளைப் புருஷன் தாங்கிப் பிடித்து வருகிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஆரோக்கியசெல்வம் கையை எடுத்ததையும் மூடி இறங்கியதையும் அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பியபோது, "மூணாம் பூச முடியல, அதுக்குள்ள எங்க கெளம்பியாச்சு?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். "நான்தான் அனுப்புறேன்" என்று ஆரோக்கியசெல்வம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

தேனி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சு நிறையப் பெண்கள். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் இமானுவேல், "கொஞ்ச நாளா நீ மூஞ்சி குடுக்காம இருந்தியா, நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

"எடுக்கணும்னு சொன்னாகன்னா?" என்று கேட்டாள். நேற்றிலிருந்து கேட்க நினைத்த கேள்வி அது.

"எடுக்கட்டும்" என்றான். உடனே, "டாக்டரே இன்னும் ஒண்ணும் சொல்லல, அதுக்குள்ள நீயே கத்தியத் தூக்குற!" என்று எரிந்து விழுந்தான். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவன் முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அதன்மேல் கையை வைத்து அழுத்தினாள்.

நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். "கழுத்துல கெடக்குறத எல்லாம் கழட்டிக் குடுத்துட்டு வாங்கம்மா."

சிலுவை பொறித்த அந்தத் தாலி, கட்டின நாளிலிருந்து அவள் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. அதை இன்றைக்கா இறக்குவது என்று அவள் சங்கிலியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள். இமானுவேல் எழுந்து பின்னால் வந்தான். கொக்கி சட்டென்று வரவில்லை. கழற்றியபிறகு அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் போட்டான், மனசு கேட்காமல் எடுத்துவிட்டான். உள்ளங்கையில் சுருட்டிப் பார்த்தான். கடைசியில் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டான். பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

உள்ளே போகும்போது ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.