டின்பாட் ஓடை, ஊருக்கு வடக்கே

உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வாங்கும் கெய்லீன், நான் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இடத்தோட பேரைப் போட்டிருக்கீங்களே, நோரீன்?"

"ஆமா."

"நிஜமான பேரா?"

"நிஜமான பேருதான்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவளுடைய அப்பாவும் தங்கம் தேடும் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பது வருடம் காட்டில் அலைந்தவர். "எங்கப்பா கண்ணை மூடுற வரைக்கும் எங்கம்மாகிட்டகூட இடத்தைச் சொல்லல. பாதிரியாரை வெச்சுக் கேட்டுப் பாத்தோம். அவருக்கும் பொய்தான் சொன்னாரு" என்றாள். சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, தாளைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை காலை பத்து மணி. டின்பாட் ஓடை, ஊருக்கு வடக்கே பதினொரு கிலோமீட்டர், தேனீப் பெட்டிகளைத் தாண்டி இடப்பக்கம். யாரும் வரலாம். டிடெக்டர் இல்லாதவர்களுக்கு நாங்கள் தருகிறோம். அனுமதிச் சீட்டைக் கைபேசியிலேயே வாங்கிக்கொள்ளலாம். தோண்டிய குழியை மூடிவிட்டுப் போக வேண்டும். தங்கம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

விளம்பரம் போட வேண்டும் என்று முடிவு செய்தது எங்கள் தங்கம் தேடுவோர் சங்கம்தான். பன்னிரண்டு பேர் மிச்சம். எல்லாரிலும் இளையவருக்கு அறுபத்துமூன்று வயது. புது ஆட்கள் வராவிட்டால் இரண்டு வருடத்தில் கூடத்தைப் பூட்டிச் சாவியை ஊராட்சியிடம் கொடுக்க வேண்டியதுதான். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் வாசகம் எழுதும் வேலையை என்னிடம் தள்ளினார்கள். இடத்தையும் போட வேண்டும் என்று கூட்டத்தில் நான் சொன்னதும், சங்கத் தலைவர் லின்சி பாஸ்கோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உனக்கென்ன பித்துப் பிடிச்சிருச்சா? 'இடத்துக்கு ஃபோன் பண்ணிக் கேக்கவும்'னு போடு."

"ஃபோன் பண்ணினா சொல்லுவியா?"

"சொல்லுவேன். எது வாயில வருதோ அதை."

இன்னோர் உறுப்பினரான மெர்வ் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இதுக்குப் பேசாம வீட்டுச் சாவியைக் கதவுலயே மாட்டி வெச்சுட்டு, அலமாரி எந்தப் பக்கம்னு ஒரு அட்டையும் எழுதித் தொங்கவிடும்மா."

வாக்கெடுப்பில் எனக்கு என் கை மட்டும்தான். கலையும்போது லின்சி என் தோளில் தட்டி, "பேரு போட்டே ஆகணும்னா தப்பான பேரா போடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

எங்கள் ஊரில் இது பொய் என்றே கணக்கில்லை. எங்கே போனாய் என்று கேட்டால் வடக்கே போனவன் தெற்கே கையைக் காட்டுவான். கேட்டவனும் தலையாட்டிவிட்டு வடக்கு என்று மனதில் குறித்துக்கொள்வான். குழந்தைகள் பேசக் கற்றுக்கொள்ளும்போதே இதையும் கற்றுக்கொள்கின்றன. டெஸ்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு நான் இங்கே வந்தபோது எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் அவர் சொன்னதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன ஆகஸ்டில் ஒரு காலை, டெஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். இரண்டு நாளாகவே இடது கையை நீவிக்கொண்டிருந்தார். "டின்பாட் ஓடைக்குப் போறேன், நோரீன். நாலு மணிக்குள்ள வந்துடுவேன்" என்றார். திசையைத்தான் சொல்வாரே தவிர, ஓடையின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பலமான பொய்யாக இருக்கிறதே, நிச்சயம் தெற்கே காஸிடி மேடுதான் என்று நினைத்தேன். நினைத்து, சிரித்து, ரொட்டியில் வெண்ணெய் தடவினேன்.

இருட்டும்வரை வரவில்லை. காவல் அதிகாரி நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த புதியவர். "அவர் சொன்ன இடத்துலயே முதல்ல தேடலாமே?" என்று கேட்டார். நானும் லின்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊர் தெரியாதவரிடம் பேசுகிற பொறுமையோடு அவருக்கு விளக்கினேன். டெஸ் சொன்னார் என்றால் அங்கே இருக்க மாட்டார், தெற்கே போங்கள், வண்டியையும் எங்காவது ஒளித்துத்தான் நிறுத்தியிருப்பார் என்றேன். லின்சி, "நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். நாற்பது பேர் இரண்டு நாள் காஸிடி மேட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள், ஒவ்வொரு பழைய சுரங்கக் குழியிலும் விளக்கடித்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை டின்பாட் ஓடையில் பெட்டிகளைப் பார்க்கப் போன தேனீக்காரர்தான் கண்டுபிடித்தார். டெஸ் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தண்ணீர் பாட்டிலில் பாதி குறைந்திருந்தது. முதல் இரவைத் தாண்டியும் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. எட்டு மணிக்கே லின்சி அழைத்தார்.

"கெட்டிக்காரிடி நீ! ஊர்ல இருக்கிற வெளியாளை எல்லாம் டின்பாட்டுக்கு அனுப்பிட்ட. நாங்க பத்து மணிக்கு காஸிடியில இருக்கோம். சாசேஜ் சுட அடுப்பு மெர்வ் கொண்டு வர்றான்."

"லின்சி, நான் போட்டது உண்மை."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியே டெஸ் பேசுற மாதிரியே இருக்கு."

ஃபோனை வைத்தேன். இன்னொரு முறை அழைத்து விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. ஒரு வார்த்தையை ஒரு முறை சொன்னால் போதும் என்று இருக்கட்டும், அதுகூட முடியாத ஊரில் சங்கம் எதற்கு?

சனிக்கிழமை ஒன்பதரைக்கு டின்பாட்டில் நான் மட்டும்தான். வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. வண்டியிலிருந்து டெஸ்ஸின் டிடெக்டர்கள் நான்கையும் இறக்கி வைத்தேன். அவர் சாய்ந்திருந்த மரத்தின் பக்கம் போகவில்லை. பத்து மணி ஆவதற்குள் தேனீப் பெட்டிகளுக்கு அப்பால் புழுதி எழுந்தது. ஒரு கார், அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஒரு பழைய வேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள். செவிலியர் இருவர், பொம்மை மண்வெட்டியோடு ஒரு குடும்பம், பத்திரிகையை இணையத்தில் பார்த்துவிட்டு மெல்போர்னிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி வந்த ஒரு டாக்ஸிக்காரர்.

"வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துதா?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதான் பேப்பர்ல போட்டிருந்தீங்களேம்மா."

நான் வண்டிக்குள் எதையோ தேடுவதுபோல் சற்று நேரம் குனிந்து நின்றேன்.

ஹெட்போனை எப்படி மாட்டுவது, டிடெக்டரின் அடியிலுள்ள சுருளைத் தரையோடு ஒட்டி எப்படி வீசுவது என்று காட்டினேன். ஆணிக்கும் தங்கத்துக்கும் சத்தம் சில நேரம் ஒன்றுபோலவே இருக்கும், தோண்டித்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் என் வண்டியின் பானெட்மேல் விரித்திருந்த தாளில் எழுத வைத்தேன். பெயர், எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன். கேள்வி கேட்காமல் எழுதினார்கள். டாக்ஸிக்காரர் சின்னதாக ஒரு வரைபடமே போட்டார்.

பதினொன்றரைக்கு லின்சியின் வண்டி வந்தது. இறங்கினார். காஸிடியின் வெள்ளைக் களிமண் காலணியில் அப்பியிருந்தது. ஓடை நெடுக, இரும்புப்பட்டை மரங்களுக்கு இடையில், அறிமுகமில்லாத முதுகுகள் குனிந்திருப்பதைப் பார்த்தபடி நின்றார்.

"நிஜமாவே இங்கயே கூட்டிட்டு வந்துட்டியே. இது டெஸ்ஸோட இடம் நோரீன். ஒரு வாரத்துல சல்லடை ஆக்கிடுவாங்க."

"டெஸ் இங்க உக்காந்து காத்துக்கிட்டுதான் இருந்தாரு. நாமதான் வரல."

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய்த் தன் டிடெக்டரை எடுத்தார். மேற்குக் கரையில் பாறைகள் இருக்கும் பக்கமாக அவர் கண் ஒரு நொடி போய் வந்தது.

"நீயும் எழுது" என்றேன்.

"நானா? நாப்பது வருஷமா இந்தக் காட்டுல..."

"எழுதிட்டுப் போ. இல்லேன்னா வண்டியைத் திருப்பு."

ஓடைக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண், "இங்க கத்துது! இங்க கத்துது!" என்று கூவினாள். லின்சி திரும்பிப் பார்க்கவில்லை. மேலே எழுதியிருந்த முப்பத்தொரு வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். தடிமனான கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றினார். லின்சி பாஸ்கோ என்று எழுதினார். 'எந்தப் பக்கம்' என்ற அடுத்த கட்டத்தில் பேனா முனையை வைத்தார். கை நகரவில்லை. தாளின்மேல் அந்த முனைக்குக் கீழே கறுப்புப் புள்ளி மெல்ல ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.