பூந்தொட்டியான ஆல்பம்

என் வீட்டுக்காரர் நெவில் அறுபதுகளில் ஒரு பாப் குழுவில் டிரம் வாசித்தவர். அவர்கள் போட்ட ஒரே ஆல்பத்தை யாரும் சீண்டவில்லை. விற்காத இசைத்தட்டுகள் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. துடைப்பம் வைக்கக்கூட இடமில்லை. பழைய இசைத்தட்டுகளை அடுப்புக்குள் சூடாக்கி வளைத்து எங்கள் தெருப் பெண்கள் பூந்தொட்டி செய்த காலம் அது. நடுவில் ஓட்டை இருப்பதால் தண்ணீரும் வடிந்துவிடும். நானும் இவர் தட்டுகளை எடுத்துச் செய்தேன். ஒரு தொட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் சர்ச் விற்பனைக்குக் கொடுத்தேன்.

போன வாரம் லண்டனிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார்.

"இப்ப உலகமே கொண்டாடுற ஆல்பம் இது. ஒரு தட்டாவது வச்சிருக்கீங்களா?"

ஜன்னலோரத்தில் ஜெரேனியம் பூத்திருந்த தொட்டியைக் காட்டினேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இதைப் போய் அடுப்புல வைக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னைக்கு நீங்கல்லாம் எங்கய்யா போயிருந்தீங்க?"

நெவில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "விடு மோரீன். தம்பி, நாங்க வாசிச்சதை யாருமே காதுல வாங்கல. இவ ஒருத்திதான் இன்னைக்கு வரைக்கும் அதுக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கா."