மேடைக்கு மட்டும்

"மூஞ்சியப் பாரு," என்று கிளெனிஸ் போனை மருமகளின் தட்டுக்கு மேலே நீட்டினாள். "பாத்தியா? புக்கிங் வந்தா முதல்ல படத்தப் பாருன்னு இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கறேன். நீ பாட்டுக்குச் சரின்னு அமுக்கியிருப்ப."

டானெல் கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டுப் பார்த்தாள். நரைத்த சுருட்டை முடியும் அகன்ற சிரிப்புமாக ஒரு கறுத்த முகம். கோரலி டிம்ஸ். நாளைக்கு நடக்கவிருக்கும் திமிங்கில விழாவைத் தொடங்கிவைக்க, விழாக் குழுத் தலைவியான கிளெனிஸ் தானே போன் போட்டுக் கெஞ்சி அழைத்திருந்த நூங்கர் பழங்குடிப் பெரியவர். மேற்கு ஆஸ்திரேலியாவின் இந்தக் கடலோரம் நூங்கர்களின் முன்னோர் மண். அவர்களில் மூத்தவர் ஒருவர் மேடையேறி 'வாங்க' என்று சொன்னால்தான் ஊரில் எந்த விழாவும் களைகட்டும்.

"இவங்க நாம கூப்பிட்டவங்கதானே, கிளெனிஸ்?"

"மேடைக்குக் கூப்பிட்டேன். என் கட்டிலுக்கா கூப்பிட்டேன்? ஒருத்தருக்குன்னு எடம் கேப்பாங்க, சாயங்காலம் போய்ப் பாத்தா சொந்தபந்தமெல்லாம் தோட்டத்துல அடுப்பு மூட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். குழாய் ஒடஞ்சு போச்சுன்னு எழுதிடு கண்ணு."

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு கிளெனிஸ் வாடகைக்கு விடும், கடலைப் பார்த்த அந்த வீட்டில் குழாய் எத்தனையோ தடவை உடைந்திருக்கிறது. பெர்த்திலிருந்து வந்த பையன்கள் குடித்துவிட்டுச் சுவரில் ஓட்டை போட்டபோது உடையவில்லை. "பசங்கன்னா அப்படித்தான்" என்று சிரித்து, அவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு அனுப்பினாள் கிளெனிஸ். கறுத்த முகமோ, ஊரார் அறிந்த நூங்கர் குடும்பப் பெயரோ வந்தால் மட்டும் குழாய் சொல்லிவைத்தாற்போல் உடையும். இதற்கு அவள் வைத்திருந்த பெயர் விருந்தினர் தேர்வு. இனவெறி பிடித்தவள் என்று யாராவது சொல்லிவிட்டால் அழுதே விடுவாள், அப்படிப்பட்ட இளகின மனது!

பொய்யை எழுதுகிற கை மட்டும் டானெலுடையது. அவளும் கணவனும் இரண்டு பிள்ளைகளும் கிளெனிஸின் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள். ஊரில் இருந்த வீடுகளையெல்லாம் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விட்டாயிற்று. மாமியார் முகம் சுளித்தால் தெருதான். எழுதினாள்.

கிளெனிஸ் மேடை அலங்காரத்தைப் பார்க்கக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், புக்கிங்குக்குக் கொடுத்திருந்த டானெலின் போன் அடித்தது.

"கோரலி பேசறேன், மகளே. குழாய் ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போகட்டும், நான் கேன்ல தண்ணி கொண்டாந்துடறேன். ஊர்ல வேற எங்கயும் எடமில்ல. நாளைக்கு விடிகாலைல கெளம்பி நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும்னா என் முட்டி தாங்காது."

அடுத்த பொய் டானெலின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கேஸ் கசிகிறது என்று சொல்லலாம். முட்டி வலியோடு தண்ணீர் சுமந்து வருகிறேன் என்கிறவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"குழாய் நல்லாத்தான் இருக்கு, ஆன்ட்டி. உங்க ஆளுங்களுக்கு வீடு தர்றதில்ல. அவ்வளோதான்."



"வீட்டுக்காரி பேரு கிளெனிஸ்னு போட்டிருக்கு. என்னை விழாவுக்குக் கூப்பிட்டவங்களும்..."

"அவங்களேதான்."

"ம். இதச் சொன்னதுக்கு உனக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆகும், ஆன்ட்டி."

மறுநாள் காலை கோரலி வந்து சேர்ந்தார், கண் சிவந்து, காலை இழுத்துக்கொண்டு. கிளெனிஸ் ஓடிப்போய் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு, "ஐயோ, அந்தப் பாழாப்போன குழாய்! எனக்கு எவ்வளோ கஷ்டமாப் போச்சு தெரியுமா?" என்றாள். கோரலி கைகளை விடுவித்துக்கொண்டு மேடையேறினார்.

"எங்க மண்ணுக்கு வாங்க, நல்லபடியாத் தங்குங்கன்னு வழக்கமாச் சொல்லுவேன்," என்றார் மைக்கில். "நேத்து நானே தங்க எடம் கேட்டேன். உங்க ஆளுங்களுக்குத் தர்றதில்லன்னு இந்த விழாத் தலைவி வீட்டுலேர்ந்து பதில் வந்துச்சு. என்னை வீட்டுக்குள்ள விடாதவங்களை நான் எப்படி வாங்கன்னு கூப்பிடறது? அவங்களே கூப்பிட்டுக்கட்டும்."

மைக்கை கிளெனிஸின் கையில் திணித்துவிட்டு இறங்கினார்.

புல்வெளியில் நகராட்சித் தலைவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். கிளெனிஸின் பார்வை கூட்டத்துக்குள் டானெலைத் தேடிப் பிடித்தது. கொட்டகை கைவிட்டுப் போயிற்று என்று டானெலுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் எழுந்துபோய்க் கோரலியின் கையைப் பிடித்து, வண்டியை நோக்கி நடத்திக்கொண்டு போனாள்.

"நீதானா அந்தப் பொண்ணு? பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

"பைத்தியக்காரி," என்றார் கோரலி, பிடித்த கையை விடாமல்.

பின்னால் ஒலிபெருக்கி கரகரத்தது. பெரியவர் யாரும் வராத கூட்டங்களில் வெள்ளைக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. வேறெதுவும் வாயில் வராத கிளெனிஸ் அதைச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"இந்த மண்ணின் மரபுரிமையாளர்களுக்கும், அவர்களின் மூத்தோருக்கும் எங்கள் மரியாதையைச் செலுத்துகிறோம்..."

கூட்டம் நிம்மதியாகக் கைதட்டியது. கோரலி வண்டியைக் கிளப்பினார்.