பதிமூன்று வீடுகள்

எங்கள் சபையில் முக்கியமான தீர்மானம் எதுவும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்கப்படும். எல்லாரும் தலையைத் தாழ்த்தி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் கண்ணை மூடுங்கள் என்று போதகர் சொல்லி, தானும் மூடிக்கொள்வார். குடியை விடுகிறவர்களும் பகையை மறக்கிறவர்களும் கையை உயர்த்துவார்கள். எண்ணிக்கை வேண்டுமே என்று ஒருவன் மட்டும் பக்கவாட்டில் கண்ணைத் திறந்து நிற்பான். பதினோரு வருடமாக அந்த ஒருவன் நான்தான். சபைச் செயலாளர்.

வார நாட்களில் எனக்குத் தண்ணீர் வாரியத்தில் கடிதப் பிரிவில் வேலை. வீட்டில் தனி. மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. ஆறு நாள் அடுப்பு மேடையருகே நின்றபடியே சாப்பிட்டுவிடுவேன். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும். ஞாயிறு மதியம் மட்டும் மச்சினி வீட்டில் சாப்பாடு. இரண்டு தெரு தள்ளி. அவள், சகலை, ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்ட அவர்கள் மகள், நான். வாரத்தில் மனிதர்களோடு நான் உட்காரும் மேஜை அது ஒன்றுதான்.

மகள் ஏன் திரும்பி வந்தாள் என்பதை அவள் கைத்தழும்பைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். விவாகரத்துக்கு ஏழு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் நாட்டில் இப்போதைய சட்டம். அதை இரண்டாகக் குறைக்க மசோதா வந்திருந்தது. அதைத் தடுப்பேன் என்று ஒரு வேட்பாளர் வாக்குக் கொடுத்தார். குடும்பத்தைக் காக்கிறவர் இவர்தான் என்று போதகர் மூன்று ஞாயிறு பிரசங்கித்தார். போதகரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்தவர் அவர்.

நான்காவது ஞாயிறு, அந்த வேட்பாளருக்கே வாக்களிப்போம் என்று பொருத்தனை செய்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். கண்கள் மூடின. நான் வரிசை வரிசையாக எண்ணினேன். நான்காவது வரிசையில் சகலையின் கை, வேண்டாத பஸ்ஸை நிறுத்துகிறவர் போலப் பாதி உயரத்தில் நின்றது. பக்கத்தில் மச்சினியின் இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன. மகள் திரும்பி வந்ததிலிருந்து சபைக்கு வருவதில்லை.

வந்திருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தூக்கிய கைகள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

ஆராதனை முடிந்ததும் போதகர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சபை முழுவதும் ஒருமனமாய் நிற்கிறது என்று வேட்பாளருக்குக் கடிதம் போக வேண்டுமாம். எண்ணிக்கையைச் சொன்னேன். கை தூக்காதவர்களின் பெயரைக் கேட்டார்.

நான் தயங்கினேன்.

"தண்டிக்கவா கேக்குறேன்? ஜெபிக்கத்தானே கேக்குறேன்," என்றார்.

ஜெபத்துக்குப் பெயர் கொடுப்பது எங்களுக்குப் பழக்கம்தான். காய்ச்சல்காரர், வேலை தேடுகிறவர், கடல் கடந்து போனவர் என்று வாராவாரம் நானே பட்டியல் எழுதுகிறவன். அந்தக் கை அதே வேகத்தில் எழுதிவிட்டது. பதிமூன்று பெயர். பதினாலாவதில் பேனா நின்றது. கணக்கு ஒன்று இடிக்கிறதே என்றார். எண்ணியதில் ஒன்று தவறியிருக்கும் என்றேன். கடிதத்தில் ஒருமனமாய் என்றே இருக்கட்டும், போய்ச் சேருவதற்குள் அவர்கள் மனம் திரும்பிவிடுவார்கள் என்றார். எழுதி, ஒட்டி, தபாலில் போட்டேன்.

அந்த வாரம் சபையின் மூப்பர்கள் மூன்று மூன்று பேராகப் பதிமூன்று வீட்டுக்கும் போனார்கள். ஜெபம் நீளமாக நடந்தது. அதோடு நிற்கவில்லை. பாடகர் குழுவிலிருந்த பஸ் கண்டக்டரைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். சபை நடத்தும் பள்ளியில் வேலை பார்த்த டீச்சருக்கு அடுத்த வருட ஒப்பந்தம் வரவில்லை.

ஞாயிறு மதியம் வழக்கம்போல் போனேன். மேஜையில் மூன்று தட்டுதான் இருந்தது.

"பதிமூணு வீட்டுக்குப் போனாங்களாம், அத்தான். நம்ம வீட்டுக்கு ஏன் வரல?" என்றாள் மச்சினி.

வந்தால் டீ போட வேண்டுமே, இந்த வீட்டு டீக்குப் பயந்திருப்பார்கள் என்றார் சகலை. யாரும் சிரிக்கவில்லை. அவரும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

"நான் கை தூக்கல. அதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள்," என்றாள் மச்சினி.

அவள் பெயரை மட்டும் எழுதவில்லை, அவளுக்காகத்தான் என்றேன். என் குரல் எனக்கே மனுப் படிப்பது போலக் கேட்டது.

"எனக்காகன்னு சொல்லாதீங்க. அந்த டீச்சருக்கு வேலை போச்சு. நான் மட்டும் தப்பிச்சது எதுக்கு, உங்களுக்குச் சோறு போடுறேன்னா?" என்றாள். "அந்தப் பதிமூணு வீட்டுக்கும் போங்க. பேரைக் கொடுத்தது நான்தான்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, சாப்பிடலாம்."

திங்கட்கிழமை அலுவலகம் விட்டதும் தொடங்கினேன். அலைச்சல் குறைய, வீடுகளைத் தெருவாரியாக வரிசைப்படுத்திக்கொண்டேன்.

முதல் வீடு கண்டக்டர். வாசலில் நிறுத்தியே முழுதும் கேட்டார். "சரி, சொல்லிட்டீங்கல்ல? ஸ்டாப் வந்துடுச்சு, இறங்குங்க," என்றார். இரண்டாவது எலக்ட்ரீஷியன் வீடு. பெயரைக் கொடுத்தது நீதானே என்று கணவன் மனைவியைக் கேட்க, இருவரும் ஒரு வாரமாக ஒருவரோடொருவர் பேசாமல் இருந்திருக்கிறார்கள். நான் சொன்னதும் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். போகும்போது அந்த அம்மா கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினாள்.

ஐந்தாவது, ஓய்வுபெற்ற நர்ஸ். தனியாக இருப்பவர். உட்காரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தோள்பட்டை இறுகிப்போய் மூன்று மாதமாம். தலை சீவவே கை எழும்பாது, இதில் பொருத்தனைக்கு எங்கே எழும்பும்?

"மூப்பர்கள்கிட்ட சொல்லலையா?" என்றேன்.

"சொன்னா வரமாட்டாங்களே. மூணு நாளா சாயங்காலம் வீட்டுல மனுஷக் குரல் கேட்டுச்சு." முழங்கையைத் தடவிக்கொண்டார். "ஓட்டு அவருக்குத்தான் போடுறதா இருந்தேன். இப்பப் போடமாட்டேன்."

அங்கே தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வீட்டுக்கு அன்று போகவில்லை.

ஒன்பது வீடு முடிந்திருந்தபோது தேர்தல் நாள் வந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். யாரும் பார்க்காத இடம். வெளியே அதிகாரி தொண்டையைக் கனைக்கும் வரை நின்றேன். என்ன போட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நான் வீடு வீடாகப் போவது போதகர் காதுக்குப் போயிற்று. கோபப்படவில்லை. களைத்துத் தெரிகிறீர்கள், கொஞ்ச நாள் இளைப்பாறுங்கள் என்று சபைப் பேரேடுகளை வாங்கிக்கொண்டார். எண்ணுவதற்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று சகலை சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பதிமூன்றாவது வீடு டீச்சருடையது. டயர் கடைக்கு மேலே மாடி. மூன்று சாயங்காலம் தட்டியும் திறக்கவில்லை.

ஞாயிறு மச்சினி வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே சமையல் வாசனை. எத்தனை என்று கேட்டாள். பதிமூன்று என்று சொல்லியிருக்கலாம். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

"பன்னெண்டு. டீச்சர் கதவைத் திறக்கல."

"திறக்கிற வரைக்கும் போங்க, அத்தான்." குரலில் கடுமை இல்லை. ஆனால் வாசல் நிலையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

புதன்கிழமை முடிவு வந்தது. வேட்பாளர் நான்காயிரத்துச் சொச்சம் வாக்கில் ஜெயித்தார். கை தூக்காத பதினாலு பேரும் எந்தப் பக்கம் போயிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. சாயங்காலம் டயர் கடை மாடிப்படி ஏறினேன். உள்ளே ரேடியோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. தட்டியதும் நின்றது.

"யாரு? ஜெபிக்க வந்தவங்களா?"

இல்லை, ஒன்று சொல்ல வந்தேன் என்றேன். கதவைப் பார்த்தே சொன்னேன். பெயரைக் கொடுத்தது நான். ஒருமனமாய் என்று கடிதம் எழுதியதும் நான்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவின் அடியில் ஒரு வெள்ளைத்தாள் வெளியே வந்தது.

"இப்ப சொன்னதைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பள்ளி மேல போடுற வழக்குக்கு வேணும்."

வழக்கு என்றால் போதகர் கூண்டில் நிற்பார். எதிரே சாட்சியாக நான் நிற்பேன். சபையில் இனி யாரும் என் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். படியில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுதினேன். பட்டியலில் நான் விட்ட பெயர் ஒன்று உண்டு என்பதையும், அது என் உறவு என்பதையும் சேர்த்தேன். கையெழுத்திட்டுக் கதவின் அடியில் தள்ளினேன். பாதி போனதும் உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டார். கதவு திறக்கவில்லை.

கீழே வெற்றி ஊர்வலம் தெருவை அடைத்துப் போய்க்கொண்டிருந்தது. அது தீரும்வரை டயர்களுக்கு நடுவே நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.