ஜின்னுக்குச் சொன்ன ஓம்

“இன்னும் ரெண்டு போடுங்க பரிசாரியார். இப்பதான் அது அசையிது.”

“அவசரப்படாதீங்க தம்பி. மூணு வருசம் குடியிருந்தது, மூணு அடியில எழும்பிப் போகுமா?”

புளியங்கம்பு மறுபடியும் முதுகில் இறங்கியது. றாஹிலா கத்தவில்லை, கத்தத் தொண்டையில் ஈரம் இல்லை. செத்தல் மிளகாய்ப் புகை கண்ணைப் பிய்த்தது. இரண்டு கைகளும் நடுத்தூணோடு கட்டுண்டு கிடந்தன. அவளுடைய சீதனத்துக்காக வாப்பா வயலை விற்றுக் கட்டிய வீட்டின் தூண் அது. அந்த வீட்டுக்குக் குடிவந்த மாப்பிள்ளை கச்சிமுகம்மதுதான் இப்போது பக்கத்தில் நின்று அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சூறாவளி அடித்த வருஷம் தொடங்கிய நோவு. தோள், இடுப்பு, முழங்கால் என்று ஊர்ந்தது. பிள்ளை மடியில் ஏறினாலே எலும்புக்குள் கொள்ளி வைத்ததுபோல் எரியும். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். “ஒண்டுமில்ல” என்றார் டாக்குத்தர். அந்த ஒரு சொல்தான் அவளைத் தூணில் கட்டியது. ஒன்றுமில்லையென்றால் பொய்; பொய்யில்லையென்றால் ஜின்.

தாதி கிருபாமலர் மட்டும் வாசல்வரை கூட வந்தாள். “படத்தில விழாத நோவும் நோவுதான் தங்கச்சி. இது நரம்போட வாற வருத்தம். மட்டக்களப்பில ஒரு டாக்குத்தர் பாக்கிறார், அவரிட்டப் போங்க.”

றாஹிலா அதை வீட்டில் சொன்னாள். “வேலைக்கு நோகுது, சோத்துக்கு நோகல்ல போல” என்று கச்சிமுகம்மது சிரித்தான்.

“சொல்லு! ஆரு நீ? எங்கயிருந்து வந்த?” ஜின் ஓட்ட வந்த பரிசாரியார் அவள் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்தார்.

“நான் றாஹிலா. எனக்கு நோகுது.”

“அவள்ட குரலிலயே ஏய்க்குது, பாத்தீங்களா!”

அடுத்த அடி உதட்டைப் பிளந்தது. சட்டையில் இரத்தம் சொட்டியது.

கம்பு மீண்டும் உயர்ந்தபோது, அடிவயிற்றிலிருந்து கரகரத்த ஒரு குரலை அவள் இழுத்தெடுத்தாள். “நிப்பாட்டுடா! நான் கடக்கரை ஜின்!”

கம்பு அந்தரத்தில் நின்றது. மூலையில் முக்காட்டைக் கடித்துக்கொண்டிருந்த அவள் உம்மா பாத்தும்மா, “யா அல்லாஹ்” என்று சுவரோடு ஒட்டினாள்.

“இவள் இனி மாவிடிக்கப்படா.”

“ஓம்” என்று தலையாட்டினான் கச்சிமுகம்மது.

“தண்ணிக்குடம் தூக்கப்படா. ஆரும் இவளுக்குக் கை நீட்டப்படா.”

“ஓம், ஓம். நீங்க சொன்னாச் சரி.”

“மட்டக்களப்பு டாக்குத்தரிட்டக் கூட்டிப் போகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“கட்டாயம் கூட்டிப் போறன். நீங்க கோவிச்சிக்கிடாதீங்க.”

மூன்று வருஷமாக அவள் அழுது கேட்டதெல்லாம் நாலு மூச்சில் கிடைத்துவிட்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் அவளைப் பார்த்து ‘நீங்க’ என்றதும் இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப்போனால் விலா பிடித்தது.

கயிறு மணிக்கட்டை அறுத்துக்கொண்டிருந்தது. ஜின் ஒரு உறுமல் உறுமினால் போதும், மூன்று பேரும் ஓடிவந்து அவிழ்ப்பார்கள். றாஹிலாவாகக் கேட்டால் கம்புதான் உயரும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தொண்டைவரை வந்துவிட்ட ஜின்னின் குரலை, வாயில் ஊறிய இரத்தத்தோடு சேர்த்து விழுங்கினாள். தலையைத் திருப்பி, தன்னுடைய சொந்தக் குரலில், மெதுவாகச் சொன்னாள்:

“உம்மா, நோகுது. வந்து இந்தக் கயித்த அவுத்து விடுங்க.”